ஸ்கான்சன்: பெயர்ந்து வந்த வீடுகள், பெயர்ந்துகொண்டே இருந்த குடும்பங்கள்

ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவில் ஆர்தூர் ஹசேலியுஸ் 1891இல் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் கோத்து நிறுத்தப்பட்ட மரவீடுகள் நிற்கின்றன. அக்கால உழவர்கள் பிறந்த ஊரைவிட்டு அசையாதவர்கள் என்ற எண்ணத்தோடு சென்ற எனக்கு, அவ்வீடுகளில் வாழ்ந்தவர்களும் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை என்பது அங்கேதான் விளங்கியது.

முதலில் பார்க்க வேண்டியது ஃபேபூத் எனப்படும் கோடைக்காலப் பண்ணை. ஊரை ஒட்டிய நிலத்தின் புல்லைக் குளிர்காலத்துக்கு வைக்கோலாகச் சேமிக்க வேண்டியிருந்ததால், கோடை வந்ததும் பெண்களும் சிறுமியரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு தொலைவிலுள்ள காட்டுக்குச் சென்று, அங்கேயே தங்கிப் பாலை வெண்ணெயாகவும் பாலாடைக்கட்டியாகவும் மாற்றினார்கள். ஒரே குடும்பம் மாதக்கணக்கில் இரண்டு அடுப்புகளில் சமைத்தது என்றே சொல்லலாம். காட்டில் மேயும் மாடுகளை அழைக்க அவர்கள் எழுப்பிய உச்சக்குரல் கூவலுக்குக் குல்னிங் என்று பெயர்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஃபின்லாந்தின் சாவோ பகுதியை விட்டு வந்து, காட்டை எரித்துச் சாம்பலில் ரை என்னும் தானியத்தை விதைத்தவர்களின் பண்ணையும் இங்கு உண்டு. சாம்பலின் வளம் ஓரிரு அறுவடைக்கு மேல் நீடிக்காது என்பதால் அவர்கள் அடுத்தடுத்த காடுகளைத் தேடினார்கள்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது ஸ்டாத்தரே எனப்பட்ட கூலிக் குடும்பங்களின் வரிசை வீடு. ஆண்டு ஒப்பந்தத்தில் மணமான ஆண்களையே அமர்த்திய பண்ணையார்கள், கூலியைப் பெரும்பாலும் தானியமாகவும் பாலாகவும் அளந்தார்கள். மனைவி பண்ணை மாடுகளைக் கறக்க வேண்டிய கட்டாயத்தை அம்மக்கள் ‘வெள்ளைச் சாட்டை’ என்றனர். அக்டோபர் இறுதியில் ஒப்பந்தம் முடிந்ததும் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்புவார்கள். முன்நவீனகாலத்து வழக்கம்போல் தோன்றும் இம்முறை 1945இல்தான் ஒழிந்தது. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, வருவோரையும் போவோரையும் அந்தந்தப் பகுதித் தேவாலயக் குருமார் பதிந்துவைத்ததால் இத்தகைய பெயர்ச்சிகளை இன்றும் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

நாங்கள் அமர்த்திய சுற்றுலா நிறுவனமோ இவை அனைத்துக்கும் சேர்த்து நாற்பது நிமிடம்தான் ஒதுக்கியது. மறுநாள் தனியாகத் திரும்பி வந்தே இவற்றைப் பார்த்தேன். திறந்திருக்கும் வீடுகள் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் கோடையில் செல்வது நல்லது. அக்கால உடையணிந்து வீடுகளுக்குள் இருக்கும் பணியாளர்களிடம், இங்கே இருந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.