சோடியமா, பொட்டாசியமா: எந்தக் குளோரேட் எதற்கு?

ஒரு குளோரின் அணுவோடு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த உப்பு குளோரேட். சமையலுப்பில் இருப்பது குளோரைடு, அது சாது. குளோரேட்டோ சூடேறினால் ஆக்சிஜனைக் கக்கி, பக்கத்தில் இருப்பதைக் கொழுந்துவிட்டு எரிய வைக்கும். இதில் அதிகம் புழங்குபவை இரண்டு: சோடியம் குளோரேட், பொட்டாசியம் குளோரேட்.

இரண்டையும் பிரித்து வைப்பது தண்ணீர்தான். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் பொட்டாசியம் வகை 7 கிராம் போலத்தான் கரையும். சோடியம் வகை கிட்டத்தட்ட 100 கிராம் கரையும். போதாததற்குக் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதை வைத்துத் தீக்குச்சி செய்தால், விளக்கேற்றும் நேரத்தில் நமத்துப்போய்க் கழுத்தறுக்கும். அதனால் தீப்பெட்டி பொட்டாசியத்தின் கோட்டை. தேக்கா பூஜைச் சாமான் கடையில் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள்: குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். உரசும்போதுதான் இரண்டும் சேர்கின்றன. சுவரில் உரசினால் பற்றாததற்குக் காரணம் இதுதான்.

லோங்கான் பழத்திலும் பொட்டாசியத்தின் கை இருக்கிறது. வேர்ப்பகுதியில் பொட்டாசியம் குளோரேட்டைக் கரைத்து ஊற்றினால் மரம் பருவம் தப்பிப் பூக்கும். தாய்லாந்து லோங்கான் நம் சந்தைக்குப் பருவமில்லாத காலத்திலும் வருவது இப்படித்தான். ஆனால் 1999இல் சியாங்மாய் வட்டாரத்து லோங்கான் ஆலை ஒன்றில் இதே உப்பு வெடித்துப் பலர் இறந்தார்கள். உரம் மாதிரி நினைத்துக் கையாளும் சரக்கு இல்லை இது.

அளவில் பார்த்தால் சோடியம்தான் பெரிய ஆள். அதில் பெரும்பகுதி காகிதக்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே குளோரின் டையாக்சைடாக மாறிக் கூழை வெளுக்கிறது. அப்புறம், எடைக்கு எடை ஆக்சிஜனும் இதில்தான் அதிகம்: சுமார் 45 விழுக்காடு, பொட்டாசியத்தில் 39. பல பயணிகள் விமானங்களில் தலைக்கு மேல் தொங்கும் முகமூடிக்கு ஆக்சிஜன் தருவது இந்த உப்பு அடைத்த உருளைதான். மூடிய உருளைக்குள் ஈரத்துக்கு வேலையில்லை.

களைக்கொல்லியாகவும் சோடியம் குளோரேட் புழங்கியது. அந்த வேலைக்கு எனக்கு இது பிடிக்கவில்லை. களையோடு மற்ற செடிகளையும் கொல்லும். கரைசல் பட்டுக் காய்ந்த துணி சட்டெனத் தீப்பிடிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத் தொட்டிச் செடிக்கு இதெல்லாம் எதற்கு? கையால் பிடுங்கிவிடலாம். எப்படியும் சிங்கப்பூரில் இரண்டுமே வெடிபொருள் மூலப்பொருள்களாகக் காவல்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வாங்க முடியாது.