கார்டு வரிக்கு இரண்டு அர்த்தம் வந்தால்: மேஜிக்கா, யூ-கி-ஓவா?

ட்ரேடிங் கார்டு விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், படங்களைப் பார்ப்பார்கள், கூட ஆட ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் நண்பர் குழுவில் மேஜிக்: த கேதரிங், யூ-கி-ஓ இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. வார இறுதியில் கிடைக்கும் நேரத்துக்கு ஒன்று போதும் என்று பேச உட்கார்ந்தபோது, மேலே சொன்ன எதுவும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. ஒரே கார்டின் ஒரே வரிக்கு இரண்டு பேர் இரண்டு அர்த்தம் சொன்னால் அதை எப்படித் தீர்ப்பது என்பதுதான் தீர்மானித்தது. நாங்கள் மேஜிக்கை வைத்துக்கொண்டோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மற்ற விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே ஆழமான விளையாட்டுகள். இரண்டிலுமே ஆசைப்பட்ட கார்டை எல்லாம் வாங்கப் போனால் பர்ஸ் காலியாகும். இரண்டுக்கும் போனிலேயே ஆட அதிகாரப்பூர்வ ஆப் இருக்கிறது. வேகம் பிடித்தவர்களுக்கு யூ-கி-ஓ, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்புவது பிடித்தவர்களுக்கு மேஜிக். இதில் பெரிய சர்ச்சை இல்லை.

வாசகக் குழப்பம் இந்த விளையாட்டுகளின் கூடப் பிறந்தது. மேஜிக் 1993இல் வெளிவருவதற்கு முன், அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் சோதித்துப் பார்த்த காலத்தில், டைம் வாக் என்ற கார்டில் 'எதிராளி அடுத்த டர்னை இழக்கிறார்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் அதே சொற்களை 'எதிராளி அடுத்த டர்னில் தோற்கிறார்' என்றும் படிக்கலாம். அப்படியே படித்து, இதைப் போட்டால் ஆட்டம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அச்சுக்குப் போனபோது அது 'இந்த டர்னுக்குப் பிறகு கூடுதலாக ஒரு டர்ன் எடுத்துக்கொள்' என்று மாறிவிட்டது. உருவாக்கியவர் மனதில் என்ன இருந்தது என்று வாதாடுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். ஆனால் மேசையில் கார்டு மட்டும்தான் இருக்கிறது, உருவாக்கியவர் இல்லை. அதனால் அந்த வாதத்தை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை.

சரி, யூ-கி-ஓவில் இருந்து தொடங்குகிறேன். ஜப்பானில் 1999இல் கொனாமி வெளியிட்டது. 2002இல் வட அமெரிக்காவுக்கு வந்தது. ஆரம்ப காலக் கார்டுகளின் வாசகம் கார்டுக்குக் கார்டு மாறும். ஒரே விளைவை மூன்று கார்டுகள் மூன்று விதமாகச் சொல்லும். இதைச் சரிசெய்ய 2011இல் ஒரு புதிய எழுத்து முறை வந்தது. அதில் நிறுத்தக்குறிகளே சட்டம். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது, எந்த நிலையில் இந்த விளைவைத் தொடங்கலாம் என்பது. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது, தொடங்கும்போதே செய்ய வேண்டியது: செலவு கட்டுவது, டார்கெட் எடுப்பது (விளைவு எந்தக் கார்டின் மேல் பாயும் என்று குறிப்பது). அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது, எதிராளியின் பதில்களுக்கு எல்லாம் வாய்ப்புக் கொடுத்த பிறகு நடப்பது. ஆகவே எதிராளி நம் விளைவை ரத்து செய்தால், அரைப்புள்ளிக்கு முன்னால் கட்டிய செலவு திரும்பி வராது. இது ஒரு புள்ளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இணைப்புச் சொற்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. 'தென்' (பிறகு) என்று வந்தால் முதல் வேலை நடந்தால்தான் இரண்டாவது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. 'அண்ட் இஃப் யூ டூ' (அப்படிச் செய்தால்) என்று வந்தாலும் முதலாவது நடந்தால்தான் இரண்டாவது, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாகக் கணக்கு. கையில் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு இவ்வளவு தகவல் தரும் முறை மேஜிக்கில் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் யூ-கி-ஓதான் மேல்.

பிரச்சினை, அந்த இலக்கணம் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. பீட்டன் த டார்க் க்ளவுன் என்ற பழைய கார்டு நல்ல உதாரணம். கல்லறை என்பது அழிந்த, பயன்படுத்தி முடித்த கார்டுகளின் குவியல். 'இந்தக் கார்டு கல்லறைக்கு அனுப்பப்படும்போது, நீங்கள் விரும்பினால்' அதை ஆட்டத்தை விட்டு நீக்கிவிட்டு டெக்கிலிருந்து இன்னொரு பீட்டனை இறக்கலாம். சண்டையில் அழிந்தால் வேலை செய்யும். ஆனால் பெரிய மான்ஸ்டர் ஒன்றை இறக்குவதற்கு பீட்டனைப் பலி கொடுத்தால் வேலை செய்யாது. பீட்டன் கல்லறைக்குத்தான் போயிருக்கிறது, பிறகு ஏன்? கடைசியாக நடந்தது பீட்டன் கல்லறைக்குப் போனது அல்ல, புது மான்ஸ்டர் இறங்கியது. ஆங்கிலத்தில் 'வென்' (அனுப்பப்படும்போது) என்று தொடங்கி 'யூ கேன்' (நீங்கள் விரும்பினால்) என்று வரும் விளைவு, அந்த நிகழ்வுதான் கடைசியாக நடந்ததாக இருந்தால் மட்டுமே செல்லும். இதை 'டைமிங் தவறியது' என்பார்கள். அதே வரி 'வென்' இடத்தில் 'இஃப்' என்று எழுதப்பட்டிருந்தால் தவறியிருக்காது.

புதிதாக வந்த ஒருவருக்கு இதை விளக்கிப் பாருங்கள். கார்டை எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் இந்த விடை அதில் இருந்து வராது. தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

'ஒரு டர்னுக்கு ஒருமுறை' என்பதும் அப்படித்தான். வெறுமனே அவ்வளவுதான் எழுதியிருந்தால் அந்தக் கட்டுப்பாடு களத்தில் இருக்கும் அந்த ஒரு கார்டுக்கு மட்டும். அது களத்தை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி பயன்படுத்தலாம், இன்னொரு பிரதி இருந்தால் அதையும் தனியாகப் பயன்படுத்தலாம். கார்டின் பெயரைச் சொல்லி 'இதன் இந்த விளைவை ஒரு டர்னுக்கு ஒருமுறைதான் பயன்படுத்தலாம்' என்று எழுதியிருந்தால், எத்தனை பிரதி வைத்திருந்தாலும் ஒருமுறைதான். ஒருதடவை தெரிந்துகொண்டால் பிறகு குழப்பம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி மேஜிக். இங்கேயும் நிறுத்தக்குறிக்கு வேலை உண்டு: முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பலன். 'வென்', 'வெனெவர்', 'அட்' ஆகிய மூன்றில் ஒன்றில் தொடங்கினால் அது தானாகத் தூண்டப்படும் திறன். 'இன்ஸ்டெட்' வந்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நடக்கிறது. 'டார்கெட்' என்ற சொல் இருந்தால்தான் அது டார்கெட். 'சூஸ்' என்று மட்டும் இருந்தால் டார்கெட் ஆகாது, ஆகவே டார்கெட் ஆக முடியாத உயிர்க் கார்டையும் அதற்குத் தேர்ந்தெடுக்கலாம். 'முடியும்' என்று ஒரு கார்டும் 'முடியாது' என்று இன்னொரு கார்டும் சொன்னால் 'முடியாது' என்பதே வெல்லும். இந்தக் கடைசி விதிக்கு 101.2 என்று எண்ணே இருக்கிறது. அந்த எண்தான் என் வாதம் முழுவதும்.

மேஜிக்கில் ஒரு வரியைப் பற்றிச் சண்டை வந்தால் போக வேண்டிய வழி நிலையானது. முதலில் கேதரர் என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில் அந்தக் கார்டின் ஆரக்கிள் வாசகம்: கார்டில் என்ன அச்சாகியிருந்தாலும் இன்றைக்குச் செல்லும் வாசகம் அதுதான். அதற்குக் கீழேயே பல கார்டுகளுக்கு விளக்கக் குறிப்புகள் இருக்கும். அதுவும் போதாவிட்டால் விரிவான விதிநூல். 250 பக்கங்களுக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு விதிக்கும் எண் உண்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஃபெலிடார் சாவரின் என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். 'உன் அப்கீப் தொடக்கத்தில், உனக்கு 40 அல்லது அதற்கு மேல் லைஃப் இருந்தால், நீ ஆட்டத்தை வெல்கிறாய்.' அப்கீப் என்பது டர்னின் ஆரம்பக் கட்டம். உங்களிடம் 41 இருக்கிறது, அப்கீப் வந்துவிட்டது. எதிராளி லைட்னிங் போல்ட் போட்டு 3 குறைக்கிறார். தொடக்கத்தில் 41 இருந்ததே, நான் வென்றுவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். இல்லை என்று அவர் சொல்லலாம். விதி 603.4 சொல்வது இது: தூண்டும் நிகழ்வை அடுத்து உடனே 'இஃப்' வந்தால் அந்த நிபந்தனை இரண்டு முறை பார்க்கப்படும், தூண்டும்போது ஒருமுறை, நிறைவேறும்போது ஒருமுறை. ஆகவே 38இல் நிற்கிற நீங்கள் வெல்லவில்லை. அந்த விதியை ஒருமுறை படித்தவர், அதே அமைப்பில் எழுதப்பட்ட எல்லாக் கார்டுகளையும் சரியாகப் படித்துவிடுவார். பீட்டனுக்கு இணையான குழப்பம்தான். ஆனால் இங்கே சண்டை போட்ட இரண்டு பேரே மூன்றாவது ஆள் இல்லாமல் அதை முடித்துக்கொள்ள முடிகிறது.

ஆப்லிவியன் ரிங் இன்னும் அழகான உதாரணம். 2007இல் லார்வின் தொகுப்பில் வந்தது. களத்துக்கு வரும்போது வேறொரு கார்டை நாடு கடத்தும், அதாவது களத்தில் இருந்து ஆட்டத்துக்கு வெளியே தள்ளும். களத்தை விட்டுப் போகும்போது அதைத் திருப்பித் தரும். இரண்டும் தனித்தனித் திறன்கள். முதல் திறன் ஸ்டாக்கில் (கடைசியாக வந்தது முதலில் நடக்கும் அடுக்கில்) காத்திருக்கும்போதே ரிங்கை நீங்களே களத்தில் இருந்து எடுத்துவிட்டால், 'திருப்பித் தா' என்பது மேலே ஏறி முதலில் நடக்கும். திருப்பித் தர இன்னும் எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் 'நாடு கடத்து' நடக்கும், அந்தக் கார்டு நிரந்தரமாகப் போய்விடும். இது ஏமாற்று வேலை என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லவே இல்லை; வரிகளை வரிசையாகப் படித்தால் கிடைக்கிற விடை இதுதான். 2013இல் பேனிஷர் பிரீஸ்ட் வந்தபோது இதை ஒரே வாக்கியமாக்கி, 'பேனிஷர் பிரீஸ்ட் களத்தை விட்டுப் போகும் வரை' என்று எழுதினார்கள். அதில் இந்த வழி அடைபட்டது. பழைய ரிங் இன்றும் தன் இரண்டு வரிகளோடு பழையபடியே வேலை செய்கிறது.

மேஜிக்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, கையில் இருக்கும் கார்டு பொய் சொல்லலாம். 2018இல் டொமினாரியா வந்தபோது லைட்னிங் போல்ட் உட்பட ஏராளமான பழைய கார்டுகளின் ஆரக்கிள் வாசகம் மாறியது. 2020 ஏப்ரலில் இகோரியா தொகுப்பில் வந்த கம்பானியன் (டெக்குக்கு வெளியே வைத்திருந்து பயன்படுத்தும் துணைக் கார்டு) விதியை அதே ஆண்டு ஜூனிலேயே மாற்றினார்கள். அச்சான கார்டுகளில் பழைய விளக்கமே நிற்கிறது. அனிமேட் டெட்டின் இன்றைய வாசகத்தைப் படித்தால் தலை சுற்றும்: செத்த உயிரை எழுப்பு என்ற எளிய எண்ணத்துக்கு ஒரு பத்தி. சிறப்பு நிலங்களை மலையாக்கும் பிளட் மூனும், எல்லா நிலங்களையும் சதுப்பு நிலமாகவும் ஆக்கும் அர்போர்க் நிலமும் சேர்ந்தால் எது முதலில் வந்தாலும் அர்போர்க் வெறும் மலையாகிவிடும் என்பதையும் கார்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு, விளைவுகளை எந்த வரிசையில் கணக்கிடுவது என்று சொல்லும் 613ஆம் விதியின் அடுக்குகளைப் படிக்க வேண்டும்.

படிக்க வேண்டும் என்பது சிரமம்தான். ஆனால் படித்தால் விடை இருக்கிறது. யூ-கி-ஓவில் மேஜிக்கைப் போல விதிக்கு விதி எண்ணிட்டு ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கும் முழு விதிநூல் இல்லை. கார்டுக்குக் கார்டு கேள்வி பதில்கள் கொனாமியின் ஜப்பானியத் தளத்தில் நிறைய இருக்கின்றன. அவை ஜப்பானிய மொழியில் இருக்கின்றன, அங்கே சொன்ன தீர்ப்பு மற்ற நாடுகளின் ஆட்டத்திலும் அப்படியே செல்லும் என்று எப்போதும் எடுத்துக்கொள்ள முடியாது. எங்களைப் போல ஜட்ஜ் (விதிச் சண்டைகளைத் தீர்க்கும் நடுவர்) இல்லாமல் வீட்டு மேசையில் ஆடுகிற குழுவுக்கு இதுதான் இடித்தது. அனுபவசாலி ஒருவர் சொல்வதே சட்டமாகிவிடும். அவர் வராத வாரம் சட்டமும் வராது. புதிதாக வந்தவர் சரியாகவே படித்திருந்தாலும், தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்ட அவரிடம் எதுவும் இருக்காது. மேஜிக்கில் அவர் விதி எண்ணைக் காட்டினால் போதும், எத்தனை வருடம் ஆடியவரும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும் நான் யூ-கி-ஓவில் பெரிய போட்டிகளுக்குப் போனவன் இல்லை. அங்கே ஜட்ஜ் பக்கத்திலேயே இருப்பார், நான் சொல்லும் குறை பாதி கரைந்துவிடலாம். நல்ல ஜட்ஜ் வரும் கடை அருகில் இருந்தால், அந்த நிறுத்தக்குறி இலக்கணத்துக்காகவே யூ-கி-ஓவை எடுப்பது தவறான முடிவு ஆகாது. போக்கிமான் கார்டுகளையும் கேட்பீர்கள். அதைக் கொஞ்சம்தான் ஆடியிருக்கிறேன். வாசகம் இரண்டையும் விட எளிமை என்பதே என் எண்ணம். அங்கேயும் '30 டேமேஜ்' என்பதும் 'மூன்று டேமேஜ் கவுன்டர் வை' என்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு வீக்னஸ் (குறிப்பிட்ட வகைத் தாக்குதலால் கூடும் சேதம்) கணக்கு வரலாம், பின்னதற்கு வராது. சிறு குழந்தைகளோடு ஆடுவதாக இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

மேஜிக்கை எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. விதிநூல் பிடிஎஃப் தவிர வெறும் டெக்ஸ்ட் கோப்பாகவும் கிடைக்கிறது. அதைப் போனில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் ஒரு சொல்லைத் தட்டித் தேடலாம். புதுத் தொகுப்புகள் வரும்போது விதிகளும் மாறும் என்பதால், பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். சண்டை வந்தால் முதலில் கார்டின் ஆரக்கிள் வாசகத்தைச் சத்தமாகப் படியுங்கள். எங்கள் மேசையில் பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.