லாகின் பட்டன்: கூகுளா, ஃபேஸ்புக்கா, ஆப்பிளா?

புதுச்சேரி கெஸ்ட் ஹவுஸ் புக்கிங், பண்ருட்டி முந்திரி ஆர்டர் போன்ற சின்ன வெப் ஆப்களுக்கு என் ஓட்டு கூகுளுக்குத்தான். மூன்று பட்டனையும் வைத்துவிடுவது எளிது. வருஷா வருஷம் அவற்றைப் பராமரிப்பதில்தான் சிக்கல்.

ஆப்பிளுக்கு டெவலப்பர் கணக்கே ஆண்டுக்கு 99 டாலர். அதன் கிளையன்ட் சீக்ரெட்டை (நம் ஆப்பை ஆப்பிளுக்கு அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) நாமே டிஜிட்டல் கையெழுத்திட்டு உருவாக்க வேண்டும். ஆயுள் அதிகபட்சம் 6 மாதம். புதுப்பிக்க மறந்தால் லாகின் நின்றுவிடும். பயனரின் பெயர் முதல் தடவை மட்டும்தான் வரும், அப்போதே சேமித்துவிடுங்கள். ஐபோன் வைத்திருக்கும் வெளிநாட்டு விருந்தினரே அதிகம் என்றால் இந்தப் பாடு தகும்.

ஃபேஸ்புக்கில், போன் நம்பரில் கணக்கு தொடங்கியவருக்கு இமெயில் வராமலே போகலாம். டேட்டாபேஸில் இமெயிலைக் கட்டாயமாக்கியிருந்தால் அவரால் பதிவே செய்ய முடியாது. தரவு நீக்க வழிமுறை, ஆண்டுதோறும் டேட்டா யூஸ் செக்கப் (பயனர் தரவை விதிப்படிதான் பயன்படுத்துகிறோம் என்ற உறுதிமொழி), சுமார் 2 ஆண்டில் காலாவதியாகும் கிராஃப் ஏபிஐ (ஃபேஸ்புக்கிலிருந்து தரவு பெறும் வழி) பதிப்பு என்று வேலை வந்துகொண்டே இருக்கும்.

கூகுளில் ஓபன்ஐடி, இமெயில், ப்ரொஃபைல் ஆகிய மூன்று ஸ்கோப்போடு (ஆப் கேட்கும் அனுமதி) நிறுத்திக்கொண்டால் தொல்லை குறைவு. டெஸ்டிங் நிலையிலிருந்து ப்ரொடக்‌ஷனுக்கு மாற்ற மறக்காதீர்கள். ரீடைரக்ட் முகவரி (லாகின் முடிந்ததும் பயனர் திரும்பி வரும் இடம்) கூகுளில் பதிந்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் 'ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' பிழைதான்.

கூகுளின் பெரிய ஓட்டை வேறு. ஒயிட் டவுன் கஃபேக்கும் கெஸ்ட் ஹவுஸுக்கும் ஆட்கள் இன்ஸ்டாகிராம் லிங்க் வழியாக நிறைய வருவார்கள். அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் கூகுள் லாகின் 403 பிழையோடு மறுக்கப்படலாம். ஆப்களுக்குள் பதித்த வெப்வியூவில் பாஸ்வேர்டு திருடப்படலாம் என்பதால் கூகுள் போட்ட தடை இது. அதனால் யூசர் ஏஜென்டில் (பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்தும் வரி) இன்ஸ்டாகிராம் தெரிந்தால் 'குரோமில் திறக்கவும்' என்று காட்டுங்கள். கூடவே ஒருமுறை மட்டும் வேலை செய்யும் லாகின் லிங்க்கை இமெயிலுக்கு அனுப்பும் வழியும் இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாமல் கூகுள் பட்டனை மட்டும் வைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் டேட்டாபேஸில் பயனர் டேபிள் தனி, அடையாள டேபிள் தனி. அடையாள டேபிளில் லாகின் சேவையின் பெயரும் அது தரும் நிலையான ஐடியும் (கூகுளில் 'சப்') சேர்ந்தே சாவி, அதாவது ஒருவரைத் தனித்து அடையாளம் காணும் மதிப்பு. இமெயிலைச் சாவியாக்கினால், முகவரி மாறிய அன்று வாடிக்கையாளரின் பழைய புக்கிங்கெல்லாம் அவர் கண்ணில் படாது. இரண்டு டேபிளாக இருந்தால், நாளை ஆப்பிளைச் சேர்க்கும்போது அடையாள டேபிளில் அவருக்கு ஒரு வரிசை கூடும், அவ்வளவுதான்.