பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்குப் புதிய கண்ணாடி ரப்பர்

1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் கதவுக் கண்ணாடிக்கு மேல்சட்டம் கிடையாது என்பதால், கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் வெளிப்புறமாக ஓடும் ரப்பர் பட்டை நல்ல நிலையில் இருந்தாக வேண்டும். வெயிலில் விறைத்து வெடித்த பட்டை தூசியைப் பிடித்துவைத்து, கண்ணாடியில் நெடுக்காகக் கீறல் போட்டுவிடும். நிறுவனத்தின் அசல் பட்டையையே வாங்கிப் பொருத்தினேன். விலை சற்றுக் கையைக் கடித்தாலும், அதன் விளிம்பு கண்ணாடியோடு இடைவெளியின்றிப் படிந்து, ஏற்றி இறக்கும்போது கிறீச்சிடுவதில்லை. முன்பு போட்டிருந்த மலிவுப் பட்டையோ பின்முனையில் விரல் நுழையும் அளவுக்குக் குட்டையாக இருந்தது. பழையதைக் கழற்ற பிளாஸ்டிக் நெம்பியைப் பயன்படுத்துங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கதவின் பெயிண்ட் பெயர்ந்துவிடும். எவ்வளவு நல்ல பட்டையானாலும் சிறிது நீர் உள்ளே இறங்கத்தான் செய்யும் என்பதால், கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் அழுக்கையும் கையோடு நீக்கிவிடுங்கள்.