மின்சக்கர நாற்காலிக்குப் பற்றரி மாற்றுவது: காப்புறுதிக் கோரிக்கையா, மாதச் சேமிப்பா?

என் கணவர் 2009ஆம் ஆண்டு முள்ளந்தண்டில் காயமடைந்த நாளிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். பல ஆண்டுகள் கையால் உருட்டும் நாற்காலியைப் பயன்படுத்தினார். கிரவல் வீதியில் உருட்டி உருட்டித் தோள்மூட்டு தேய்ந்த பிறகு, கனடாவிலுள்ள அவருடைய அக்கா மின்சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி அனுப்பினார். அதன் பற்றரிச் சோடியை இதுவரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம். முதல் தடவை என் வேலைத்தலத்தின் குழு மருத்துவக் காப்புறுதியை நம்பினோம். இரண்டாம் தடவை மாதாமாதம் ஒதுக்கிவைத்த பணத்தில் வாங்கினோம். மல்லாவியிலும் மாங்குளத்திலும் இதே நிலையிலுள்ள குடும்பங்கள் எந்த வழி நல்லதென்று கேட்கும்போது நான் சேமிப்பின் பக்கமே பேசுகிறேன்.

காப்புறுதி பணம் தந்தால் கைக்காசு மிஞ்சும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பணம் வந்து சேரும்வரை நாற்காலியும் அதில் இருப்பவரும் எந்த நிலையில் இருப்பார்கள் என்பதைத்தான் படிவத்தை நிரப்புவதற்கு முன்னர் யோசிக்க வேண்டும்.

எங்களுடைய நாற்காலியில் 12 வோல்ற்று, 50 அம்பியர் மணி கொண்ட இரண்டு ஜெல் பற்றரிகள் தொடராக இணைந்து 24 வோல்ற்றைத் தருகின்றன. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வீட்டுப் படலையிலிருந்து மதகுக்கு ஏறும் சிறிய மேட்டில் நாற்காலி தயங்கத் தொடங்கியது. இரவு முழுவதும் மின்னேற்றி, காலையில் இரண்டு மணிநேரம் ஆறவிட்டு வோல்ற்றுமானியால் அளந்தபோது ஒரு பற்றரி 12.6 காட்டியது, மற்றது 10.9 இலேயே நின்றது. அப்படி நின்றால் உள்ளே ஒரு கலம் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். ஒன்று பழுதானாலும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதியதையும் பழையதையும் சேர்த்து ஓட்டினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

அந்த வாரமே கோரிக்கையை அனுப்பினேன். காப்புறுதி நிறுவனத்தில் முதலில் பேசியவர் பற்றுச்சீட்டை அனுப்பச் சொன்னார். அடுத்தவர், வாங்குவதற்கு முன்னரே அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்றும், வைத்தியரின் கடிதமும் இரண்டு விலைக்கோரல்களும் தேவை என்றும் சொன்னார். வாகன உதிரிப்பாகக் கடையொன்று தந்த விலைக்கோரலில் ‘பற்றரி 12வோ - 2’ என்று மட்டும் இருந்ததால் அது வாகனப் பொருளாகப் பார்க்கப்பட்டது. பதினொரு வாரங்கள் கழித்து, வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சையுடன் தொடர்பில்லாத பொருள் என்று ஒரே வரியில் கோரிக்கையை மறுத்தார்கள்.

மறுப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. அந்தப் பதினொரு வாரங்களை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மின்சக்கர நாற்காலி வெறும் வண்டியன்று. முதுகைச் சாய்த்து, இருப்பெலும்பிலுள்ள பாரத்தை முதுகுக்கு மாற்றும் மோட்டாரும் அதே பற்றரியில்தான் ஓடுகிறது. அது நின்றதும் அவர் பழைய கை நாற்காலிக்கும், அழுந்தித் தட்டையாகிப்போன பழைய மெத்தைக்கும் திரும்பினார். தோள் இடங்கொடுக்காததால் கையை ஊன்றி உடம்பை உயர்த்தவும் முடியவில்லை. நான் வேலைக்குப் போகும் நேரங்களில் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை தூக்கி அமர்த்துவான். அவனுக்கும் வயல் வேலை இருந்தது. ஆறாவது வாரம் இடது பக்கத்தில் ஐந்து ரூபாக் குற்றியளவில் தோல் சிவந்தது. அழுத்திப் பார்த்தால் வெளிறவில்லை. பத்து நாளில் அது புண்ணாகியது. மருந்து கட்டியும் ஆறாமல் ஒன்பது நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். புண் முற்றாக மூட நான்கு மாதங்கள் சென்றன. பற்றரிக்குப் பணம் தர மறுத்த அதே காப்புறுதி, அந்த ஒன்பது நாட்களுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கேள்வி கேட்காமல் பணம் தந்தது. அந்தக் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

வெளிநாட்டில் இதெல்லாம் இலவசம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தன் சொந்த நாற்காலியைக் கொடுத்திருந்தால் பழுதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மெடிகெயார் என்னும் அரசு மருத்துவக் காப்புறுதியில், ஆண்டுதோறும் பயனாளி முதலில் தானே செலுத்தும் தொகை போக, ஏற்றுக்கொள்ளப்பட்ட தொகையில் 80 வீதத்தை அரசு செலுத்த, மீதி 20 வீதம் பயனாளியின் பொறுப்பாகிறது; ஒவ்வொரு பற்றரி அளவுக்கும் தனித்தனியான கட்டணக் குறியீடும் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் திட்டம் நாற்காலியின் விலையில் 75 வீதத்தைத் தருகிறது, ஆனால் பற்றரிக்கும் பழுதுபார்ப்புக்கும் எதுவும் தருவதில்லை. மச்சாள் அங்கே தனக்குத் தெரிந்தவர்களும் பற்றரியைத் தம் செலவில்தான் வாங்குகிறார்கள் என்று சொன்னபோதுதான் எனக்கு அது புரிந்தது. இங்கே குறியீடு எதுவும் இல்லாததால், கடைக்காரர் பற்றுச்சீட்டில் எழுதும் சொல்லே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே காப்புறுதியை முயன்று பார்க்க விரும்புபவர்கள், வைத்தியரின் கடிதத்தைப் பற்றுச்சீட்டுக்கு முந்திய திகதியில் பெற்று, பற்றுச்சீட்டில் நோயாளியின் பெயரையும் நாற்காலியின் தொடரிலக்கத்தையும் ‘மின்சக்கர நாற்காலிக்கான பற்றரி’ என்ற சொற்களையும் கட்டாயம் எழுதுவியுங்கள். பணம் கிடைத்தால் நல்லது. அதற்காக வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உறவினர் மூலம் பாகங்களை வரவழைப்பது மூன்றாவது வழி. இயக்குபிடி, கட்டுப்பாட்டுப் பெட்டி, முன்சக்கரக் கவை போன்ற, வவுனியாவில் கிடைக்காத பொருட்களுக்கு அதைவிட வேறு வழியில்லை. பற்றரிக்கு அது சரிவராது: 50 அம்பியர் மணி ஜெல் பற்றரி ஒன்று பதினைந்து கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. அங்கிருந்து மின்னேற்றி (சார்ஜர்) வந்தால், செருகுவதற்கு முன்னர் அதன் அடியிலுள்ள எழுத்தைப் படியுங்கள். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, நம்முடையது 230.

இப்போது மாதம் 5,000 ரூபா தனிக் கணக்கில் போடுகிறேன். இருபது மாதத்தில் 100,000 ரூபா சேரும். இருபது மாதம் என்பதை என் அனுபவத்திலிருந்து எடுத்தேன்: ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் வெப்ப உயர்வுக்கும் பாதியாகிறது என்பார்கள், வன்னி வெயிலில் தகரக் கூரையின்கீழ் நிற்கும் நாற்காலிக்கு இரண்டு ஆண்டுகளை எதிர்பார்ப்பது சரியல்ல. கடந்த தடவை மேட்டில் தயங்கிய நான்காம் நாள் புதிய சோடி பூட்டப்பட்டது. கடைக்காரர் விலை குறைவென்று வாகனத்தைத் தொடக்கும் பற்றரியைக் காட்டினார், நாங்கள் மறுத்துவிட்டோம். அதன் தகடுகள் மெல்லியவை, ஒரு நொடி பலமான மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டவை. நாள்தோறும் ஆழமாக இறங்கி ஏறும் வேலையை அவை சில மாதங்கள்கூடத் தாங்கமாட்டா.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் அதில் பாதியை ஒதுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம், பற்றரி நன்றாக இருக்கும் காலத்திலேயே கோரிக்கையைக் கொடுத்துவைப்பது நல்லது. மோட்டார் போனால் எங்கள் சேமிப்பும் போதாது. லிதியம் பற்றரியை நான் பாவித்ததில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன்.

மேலதிகச் சோடி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைக்கலாமே என்று என் கணவர் கேட்டார். பாவிக்காத ஈயப் பற்றரியும் தானாக மின்னிறங்கும். அப்படியே விட்டால் தகட்டில் சல்பேற்று இறுகிப் பற்றரி கெட்டுவிடும். ஆகவே பணமாகவே வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை அவரே மானியைப் பிடித்து அளக்கிறார், நான் கொப்பியில் எழுதுகிறேன். இந்த மாதம் 12.8, 12.7.