நேம்அஸ்: பெயர் தெரியாத சடலங்களின் பட்டியலை எப்படிப் படிப்பது, எதை நம்புவது

அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டு இன்னும் பெயர் தெரியாமல் இருக்கும் சடலங்களையும், காணாமல் போனவர்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அரசுத் தளம் நேம்அஸ். அந்நாட்டு நீதித்துறையின் கீழ் உள்ள தேசிய நீதி ஆய்வு நிறுவனம் இதை நடத்துகிறது. 2007-இல் சடலப் பட்டியல் வந்தது, 2008-இல் காணாமல் போனோர் பட்டியல், 2009-இல் இரண்டையும் ஒப்பிடும் வசதி. கட்டணம் கிடையாது; சும்மா பார்ப்பதற்குக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். எஃப்பிஐயின் என்சிஐசி என்ற குற்றப் பதிவுத் தரவுத்தளம் 1967 முதல் இருக்கிறது, ஆனால் பொதுமக்கள் அதைத் தொட முடியாது. அந்த வகையில் நேம்அஸ் பெரிய விஷயம்தான்.

துப்புத் துலக்கும் ஆர்வத்தோடு வருகிற பலர் இதைத் தேடுபொறி மாதிரி நினைத்து ஏமாறுகிறார்கள். உயரம், வயது, முடி நிறம் கொடுத்துத் தட்டினால் விடை வந்து நிற்கும் என்று எதிர்பார்த்தால் வாரக்கணக்கில் நேரம் போகும். ஏற்கனவே கையில் ஓர் ஊகம் இருந்து, அது நிற்குமா விழுமா என்று பார்க்க வேண்டுமா? அதற்கு இதைவிட நல்ல கருவி பொதுமக்கள் கையில் இல்லை.

சடலப் பக்கங்களின் எண் யூபி (UP) என்று தொடங்கும். காணாமல் போனவர்களுடையது எம்பி (MP). யூபி பக்கத்தைத் திறந்ததும் எல்லோரும் ஓவியர் வரைந்த முகத்துக்கு ஓடுவார்கள். அதை விடுங்கள். முதலில் உடலின் நிலை என்ன, எந்தெந்தப் பாகங்கள் கிடைத்தன என்ற இரண்டு சின்ன வரிகளைப் படியுங்கள். முகம் அடையாளம் காணும் நிலையில் இருந்தது என்றால் கண், முடி, எடை எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஏறக்குறைய முழு எலும்புக்கூடு என்றோ, எலும்புகளில் சில மட்டும் என்றோ போட்டிருந்தால் அதற்குக் கீழே வரும் எண்களில் பெரும்பாலானவை யாரோ ஒரு நிபுணரின் கணிப்பு. உயரத்துக்கு அருகிலேயே அது அளந்ததா, கணித்ததா, கணிக்க முடியாமல் விட்டதா என்ற குறிப்பும் இருக்கும். தலை கிடைக்கவில்லை என்றால் பல் ஒப்பீட்டை மறந்துவிடலாம். கைகள் கிடைக்கவில்லை என்றால் ரேகையை மறந்துவிடலாம்.

உயரத்தை எவ்வளவு நம்பலாம்? எலும்பிலிருந்து உயரம் கணக்கிட அமெரிக்காவில் நீண்ட காலம் பயன்பட்டவை டிராட்டர், கிளெசர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952-இல் வெளியிட்ட சூத்திரங்கள். வெள்ளை இன ஆண்களுக்குத் தொடை எலும்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் திட்டப்பிழை 3.27 செ.மீ. அதாவது 95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால் இரு பக்கமும் சுமார் ஆறரை செ.மீ. விட்டுப் பிடிக்க வேண்டும். கெண்டைக்கால் எலும்பில் இன்னொரு வில்லங்கம். டிராட்டர் அந்த எலும்பை அளந்தபோது கணுக்கால் பக்கத்து முனையை விட்டுவிட்டது 1990-களில்தான் தெரியவந்தது. அந்தச் சூத்திரத்தில், சரியாக அளந்த எலும்பைப் போட்டால் உயரம் 2.5 முதல் 3 செ.மீ. வரை கூடுதலாக வரும். எழுபது, எண்பதுகளில் எழுதிய அறிக்கைகள் இந்தத் தளத்தில் ஏராளம். எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை: காணாமல் போனவரின் உயரம் பெரும்பாலும் ஓட்டுநர் உரிமத்திலிருந்து எடுத்தது. அதில் இருப்பது அவரே சொன்ன உயரம், ஆண்கள் அதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

கண் நிறம் இன்னும் மோசம். வெளிர்நிறக் கண்கள் இறந்த பிறகு பழுப்பாக மாறுவதுண்டு. மண்ணில் நெடுநாள் கிடந்த முடி செம்பட்டையாகத் தெரியும். எடை என்பது எலும்பில் எழுதியிருக்கும் விஷயமே இல்லை. மண்டை ஓட்டை வைத்துச் சொல்லும் இனம், கலப்புப் பின்னணி உள்ளவர்களிடம் அடிக்கடி தப்பாகப் போகிறது.

இறந்து எவ்வளவு காலம் ஆகிறது என்ற கணிப்பைப் பற்றிப் பேசினால் 1977-ஐச் சொல்லாமல் விட முடியாது. டென்னசியின் பிராங்க்ளினில் கிடைத்த ஓர் உடலைப் பார்த்த மானுடவியலாளர் வில்லியம் பாஸ், இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்றார். அது 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த கர்னல் ஷையின் உடல். பதப்படுத்தி, மூடிய இரும்புப் பெட்டியில் வைத்திருந்ததால் சதை கெடாமல் இருந்தது. 113 ஆண்டு பிசகு! நாக்ஸ்வில்லில் சடலச் சிதைவை ஆராயும் நிலத்தை பாஸ் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஒரு பக்கத்தில் 'இரண்டு மாதம்' என்று இருந்தால் அதை ஆணியடித்த உண்மையாக எடுத்துக்கொண்டு தேடாதீர்கள்.

வயதும் அப்படித்தான். கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் அருகே 1968 மே மாதம் கித்தான் துணியில் சுற்றிக் கிடந்த பெண்ணுக்கு வயது 16 முதல் 19 வரை என்றார்கள். 'கூடாரப் பெண்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1998-இல் டாட் மேத்யூஸ் என்ற தன்னார்வலர் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தபோது அந்தப் பெண் 24 வயதுத் தாய் என்று தெரிந்தது. உடலோடு கிடைத்த இன்னொரு துணி குழந்தைக்குக் கட்டும் துணி. பதின்வயதுப் பெண் என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் இப்படியொரு துப்பு கண்ணெதிரே கிடந்தும் எடுபடாது.

எனவே தேடும்போது வடிகட்டிகளைக் கஞ்சத்தனமாகப் போடுங்கள். பாலினம் வைத்துக்கொள்ளலாம், எலும்புகள் சிறுவர், சிறுமியருடையதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பருவமடையாத எலும்பில் பாலினம் சொல்வது கடினம். வயதுக்கு இருபுறமும் பத்தாண்டு, உயரத்துக்கு இருபுறமும் 8 செ.மீ. விடுங்கள். கண், முடி, எடை, இனம் நான்கையும் காலியாக விடுங்கள். மாநிலத்தையும் முதல் சுற்றில் பூட்ட வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்த உடலுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டில்லை. உறுதியாக நிற்கும் விதி ஒன்றுதான்: கடைசியாகத் தொடர்பில் இருந்த நாள், உடல் கிடைத்த நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அந்த நாளிலும் ஒரு கண் இருக்கட்டும். பல ஆண்டு கழித்துப் புகார் கொடுத்த குடும்பங்கள் ஆண்டை உத்தேசமாகச் சொல்லியிருக்கும்.

இப்படித் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையாகத் திறக்கும் கோப்பு) இறக்கி, அழியாத அடையாளங்களைக் கொண்டு கழித்துக்கொண்டே வாருங்கள். பழைய எலும்பு முறிவு, எலும்பில் பொருத்திய தகடு, பச்சை குத்தியது, அறுவைத் தழும்பு, பிடுங்கிய பற்கள் எல்லாம் இதில் சேரும். உயிரோடிருந்தபோது பிடுங்கிய பல் மறுபடி முளைக்காது. எனவே சடலத்தில் இருக்கும் பல் காணாமல் போனவருக்கு முன்பே பிடுங்கப்பட்டிருந்தால் கதை முடிந்தது. ஏற்கனவே யார் யார் இல்லை என்று ஒதுக்கிய பட்டியலும் யூபி பக்கத்திலேயே இருக்கும். அதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம், முதலிலேயே பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

உடைகள் பகுதியை நிதானமாகப் படிக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் கலிடோனியாவில் 1979 நவம்பர் 10-ஆம் தேதி சோள வயலில் கிடைத்த பெண்ணின் உடலை எடுத்துக்கொள்ளுங்கள். கைகளில் கறுப்புக் கோடுகள் ஓடும் சிவப்பு நைலான் ஜாக்கெட், உள்ளே 'ஆட்டோ ஸ்போர்ட்ஸ் ப்ராடக்ட்ஸ்' என்ற லேபிள், நீல நிற நீள காலுறை. இவற்றைவிடப் பெரிய துப்பு தோலில் இருந்தது. நீச்சலுடையை விட்டு மற்ற இடமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. குளிர் தொடங்கிவிட்ட அந்த ஊரில் நவம்பரில் அப்படிக் கறுக்க வழியில்லை. அவர் புளோரிடாவின் புரூக்ஸ்வில்லைச் சேர்ந்த டாமி ஜோ அலெக்சாண்டர் என்று 2015 ஜனவரியில் உறுதியானது.

அத்தனை ஆண்டு ஆனதற்கு, காணாமல் போனோர் பட்டியலில் அவர் பெயரே இல்லாதது முக்கியக் காரணம். பள்ளித் தோழி ஒருவர் 2014-இல் விசாரித்தபோது நடப்பில் புகாரே இல்லை என்று தெரிந்தது. புகார் பதிவாகி எம்பி பக்கம் வந்த சில வாரங்களில் ஓர் ஓவியர் பொருத்தத்தைக் கவனித்தார், உறவினரின் டிஎன்ஏ அதை உறுதி செய்தது. தளத்தின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான். எல்லா மாநிலமும் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. எம்பி பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால் தன்னார்வலர்கள் நடத்தும் டோ நெட்வொர்க், 2004 முதல் இயங்கும் சார்லி ப்ராஜெக்ட் என்ற வேறு இரண்டு தளங்களையும் பாருங்கள். சம்பவ விவரங்கள் சார்லியில் இங்கிருப்பதைவிடப் பல மடங்கு விரிவாக இருக்கும். நேம்அஸில் சில பக்கங்களில் நாலு வரிகூடத் தேறாது.

பொருத்தம் கிடைத்ததாகத் தோன்றினால் அந்தப் பக்கத்தில் இருக்கும் விசாரணை அலுவலகத்துக்கோ, நேம்அஸின் வட்டார அலுவலருக்கோ எழுதலாம். யூபி எண், எம்பி எண், பொருந்தும் மூன்று நான்கு அம்சங்கள், பொருந்தாத அம்சம் ஒன்றாவது, ஒதுக்கல் பட்டியலில் இவர் இல்லை என்ற ஒரு வரி. அரைப் பக்கம் போதும். 'முகம் ஒரே மாதிரி இருக்கிறது' என்பதை மட்டும் வைத்து எழுதாதீர்கள்; மண்டை ஓட்டின் மீது வரைந்த முகத்தில் மூக்கும் உதடும் காதும் ஓவியரின் ஊகம். குடும்பத்தை நீங்களாக ஒருபோதும் தொடர்புகொள்ளாதீர்கள். பல் வரைபடம், ரேகை, டிஎன்ஏ எதுவும் பொதுமக்களுக்குத் தெரியாது. அதை ஒப்பிட விசாரணை அலுவலர்களால்தான் முடியும்.

2018-க்குப் பிறகு, டிஎன்ஏ வழியே தூரத்து உறவினர்களைத் தேடிப் பெயரைக் கண்டுபிடிக்கும் வம்சாவளி டிஎன்ஏ ஆய்வு பல பழைய வழக்குகளை முடித்து வைக்கிறது, உட்கார்ந்து பட்டியலை ஒப்பிடுவோரின் பங்கு சுருங்கித்தான் விட்டது. டிஎன்ஏ எடுக்க முடியாத எலும்புகளுக்கும், ஆய்வுக்குப் பணம் ஒதுக்காத மாவட்டங்களுக்கும் இன்னும் கண்தான் கதி.

குறை சொல்ல இன்னொன்று உண்டு. வழக்கு முடிந்ததும் அந்தப் பக்கம் பொதுப்பார்வையிலிருந்து போய்விடும். குடும்பத்தின் தனிமைக்காக என்றால் நியாயம்தான். ஆனால் எந்தக் கணிப்பு சரியாக வந்தது, எது எவ்வளவு தப்பியது என்று பார்த்துத் தேடும் முறையைத் திருத்திக்கொள்ள வழியில்லாமல் போகிறது. பெயரை மறைத்து எண்களையாவது விட்டு வைத்திருக்கலாம். அதனால் ஒரு வழக்கில் இறங்கும் அன்றே இரண்டு பக்கங்களையும் பிடிஎஃப்பாகச் சேமித்து, கோப்பின் பெயரில் யூபி, எம்பி எண்ணையும் தேதியையும் போட்டு வையுங்கள்.