பறக்கும் பறவையை எடுக்க எது சரி? லென்ஸ் முதல் எடிட்டிங் வரை ஓர் ஒப்பீட்டு அலசல்

கிளையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பறவையை ஓரளவு நல்ல எந்தக் கேமராவாலும் இன்று எடுத்துவிடலாம். அது இறக்கையை விரித்து எம்பும்போதுதான் லென்ஸ், ஷட்டர், நம் கை எல்லாமே சோதனைக்கு வருகின்றன. சூமா பிரைமா (தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் லென்ஸா, ஒரே தூரத்தில் நிற்கும் லென்ஸா), முழு ஃபிரேமா க்ராப் சென்சாரா (பெரிய சென்சாரா, அதைவிடச் சிறியதா), படம் திருத்த லைட்ரூமா வேறு மென்பொருளா என்ற கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. விலைப்பட்டியலை மட்டும் வைத்து விடை தேடினால் முடிவே வராது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எந்த வழியில் போனாலும் ஏதோ ஒரு குறை வரும். அந்தக் குறையை வீட்டில் கணினி முன் உட்கார்ந்து சரிசெய்ய முடியுமா என்று பார்க்கிறேன். நாய்ஸை (படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகளை) குறைக்கலாம், இருட்டை ஏற்றலாம், வண்ணத்தைத் திருத்தலாம். அசைவில் கலங்கிய கண், வெளுத்து எரிந்துபோன வெண்சிறகு, படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்ட இறக்கை நுனி: இந்த மூன்றும் போனது போனதுதான்.

சூமா, பிரைமா

600 மி.மீ. எஃப் 4 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் ஒளி அதிகம்) பிரைம் லென்ஸ்தான் பறவைப் படக்காரர்களின் கனவு. அதே 600 மி.மீ. தூரத்தை சோனி 200-600 போன்ற சூம் லென்ஸ் எஃப் 6.3-இல் தருகிறது. பிரைமில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600-இல் எடுக்கும் காட்சிக்கு சூமில் சுமார் 4000 தேவைப்படும். பின்னணியும் அவ்வளவு மென்மையாகக் கரையாது. பிரைமின் ஃபோகஸ் வேகமும் ஒரு படி மேல்தான். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், பறக்கும் பறவைக்கு சூம்தான் என் முதல் தேர்வு.

காரணம் கூழைக்கடா. தொலைவில் வரும்போது 600 மி.மீ.-இல் அளவாகத் தெரியும். நீரில் இறங்கக் காலை நீட்டும் நேரத்தில் அதன் இறக்கை விரிவு சட்டத்தை மீறிவிடும். சூம் உள்ளவர் ஒரு திருப்பில் 350-க்கு வந்துவிடுவார். பிரைம் உள்ளவருக்கு இறக்கை நுனி வெட்டுப்படும். ஐஎஸ்ஓ 4000-இன் நாய்ஸை இன்றைய மென்பொருள் துடைத்துவிடுகிறது. வெட்டுப்பட்ட நுனியை யாராலும் ஒட்டவைக்க முடியாது. பறவையைத் தேடிப் பிடிப்பதற்கும் சூம் உதவும்: 200-இல் கண்டுபிடித்து, ஃபோகஸ் ஒட்டிய பிறகு 600-க்குப் போகலாம்.

சூம்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. சோனி 200-600 (2019), நிக்கான் இசட் 180-600 (2023) இரண்டும் உள்ளேயே சூம் ஆகும். குழல் நீளாது, எடை முன்னுக்குச் சாயாது. ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட 2 கிலோ. கேனான் ஆர்எஃப் 100-500 (2020) சுமார் 1.4 கிலோதான். காலை முழுக்கக் கையில் பிடித்து நடப்பவருக்கு அந்த அரைக் கிலோ பெரிய விஷயம். அதன் கடைசி முனையில் துளை எஃப் 7.1-ஆகச் சுருங்குவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. கேனான் 200-800 (2023) இன்னும் தூரம் போகும், 800-இல் எஃப் 9. நல்ல வெயிலில் அருமை. மேகம் மூடிய மார்கழிக் காலையில் திணறும்.

பிரைம் என்றே முடிவெடுத்தவர்களுக்கு நிக்கான் 500 எஃப் 5.6 பிஎஃப் (2018) நல்ல நடுவழி. 1.5 கிலோவுக்குள் அடங்கும், கையிலேயே சுழற்றலாம்.

நீளமான லென்ஸா, பொருத்தமான இடமா

வேடந்தாங்கலில் பறவைகள் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் நிற்பதோ கரையில். அங்கே 600 மி.மீ. கூடப் பல நேரம் போதாது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கதையே வேறு. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள், வீட்டு மரங்களில் கூடு வைக்கின்றன. சுள்ளியைக் கவ்விக்கொண்டு தலைக்கு மேலேயே தாழப் பறக்கும். 300 மி.மீ. இருந்தாலே சட்டம் நிறையும். ஆக, ஒருவர் ‘600 இல்லாமல் முடியாது’ என்பதும் இன்னொருவர் ‘300 போதும்’ என்பதும் அவரவர் போகும் ஏரியைப் பொறுத்து உண்மையே.

தூரத்துக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது: கானல். வெயில் ஏறியதும் நீர்ப்பரப்புக்கு மேல் காற்று அலையடிக்கும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் அந்த அலைக்கு ஊடாகத்தான் பார்க்க வேண்டும். படத்தில் இறகுகள் மெழுகு பூசியதுபோல் வரும். பலர் அதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸைச் சர்வீசுக்கு அனுப்புகிறார்கள். கானலை எந்த எடிட்டிங்கும் எடுக்காது. அதனால் தூரத்துப் பறவைக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்பு எடுத்தால்தான் உண்டு.

காலையா மாலையா என்ற கேள்விக்கும் வலசைப் பருவத்தில் என் விடை காலைதான். வெளிச்சம் மட்டும் காரணமில்லை. பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வரும். காலைச் சூரியனும் கிழக்கே. நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் நம் ஊர் ஏரிகள் பலவற்றுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். அங்கே நின்றால் வெயிலும் காற்றும் முதுகுக்குப் பின்னால். இறங்கும் நாரை முகத்தில் ஒளியோடு நம்மை நோக்கி வரும். மாலையில் வெயிலை முதுகில் வாங்க மேற்கே போய் நின்றால், அதே காற்றை எதிர்த்து இறங்கும் நாரை நமக்கு முதுகைக் காட்டும், அல்லது நாம் சூரியனை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும். மாலையில் நிழலுருவப் படங்கள் அழகாக வரும். கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும் செயல் படம் வேண்டுமென்றால் அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டியதுதான்.

விரட்டுவதா, காத்திருப்பதா

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கையைத் தட்டியோ கல்லை எறிந்தோ கூட்டத்தைக் கிளப்புகிறவர்களை ஏரிக்கரையில் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் பறவையின் சக்தி அதில் வீணாகிறது. படமாகவும் அது தேறாது. விரட்டப்பட்ட பறவை நம்மை விட்டு விலகித்தான் பறக்கும், கிடைப்பது வாலும் முதுகும். காத்திருப்பவருக்கு அறிகுறிகள் தெரியும்: பறக்கப் போகும் நாரை ஒரு காலையும் இறக்கையையும் நீட்டி முறுக்கும், எச்சமிடும், உடலைத் தாழ்த்தும். கூடு கட்டும் பருவத்தில் சுள்ளி சுமக்கும் பறவை ஒரே வழியில் திரும்பத் திரும்ப வரும். கூட்டின் அருகே போகாமல் அந்த வழியில் ஓர் இடம் பார்த்து நின்றால் போதும்.

முழு ஃபிரேமா, க்ராப் சென்சாரா

500 மி.மீ. லென்ஸ் கேனான் க்ராப் கேமராவில் 800 போலக் காட்டும். பஞ்சுருட்டான், உள்ளான் போன்ற சின்னப் பறவைகளுக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல உதவி அது. பதிலுக்கு நாய்ஸ் கூடும். அது சரிசெய்யக்கூடிய குறை. ஆகவே பணம் கணக்கென்றால் க்ராப் சென்சாரே என் வாக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு, அது அடுத்த பகுதியில்.

மெக்கானிக்கல் ஷட்டரா, எலக்ட்ரானிக் ஷட்டரா

எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான சென்சார்கள் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகின்றன. கடைசி வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிட்டால் அது ரப்பர்போல் வளைந்து பதிவாகும். கேனான் ஆர்7 (2022) நொடிக்கு 30 படம் எலக்ட்ரானிக்கில் தருகிறது, மெக்கானிக்கலில் 15. எண்ணிக்கையைப் பார்த்து 30-ஐ வைத்துக்கொண்டால், வேகமாக இறக்கை அடிக்கும் பறவைகளில் வளைவு தெரியும். அந்த வளைவை எடிட்டிங்கில் நிமிர்த்த முடியாது. அந்தக் கேமராவில் 15-தான் நல்லது.

அடுக்குச் சென்சார் உள்ள நிக்கான் இசட்8, இசட்9 போன்றவை வேகமாகப் படிப்பதால் அவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிக்கும். அதில் வளைவு என்ற பேச்சே இல்லை. விலையும் அதற்கேற்ப.

எலக்ட்ரானிக்கின் பக்கம் வலுவான ஒரு வாதம் உண்டு: பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய நொடித்துளிகளையும் சேமித்து வைக்கும் வசதி. கிளையிலிருந்து பாயும் சிறிய நீல மீன்கொத்தியை நம் விரல் துரத்திப் பிடிக்காது. அந்த ஒரு தருணத்துக்கு மட்டும் வளைவு அபாயத்தை ஏற்றுக்கொண்டு எலக்ட்ரானிக்குக்கு மாறலாம்.

வேகமா, குறைந்த ஐஎஸ்ஓவா

கருப்பு வெள்ளை மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். நீருக்கு மேல் ஒரே இடத்தில் தொங்கியபடி இறக்கையடிக்கும்; தலை அசையாது, அலகு நேராகக் கீழே. ஷட்டர் வேகம் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ 800 வைத்தால் முகம் கூர்மையாக வரும், இறக்கை வெறும் சாம்பல் புகையாகும். 1/3200, ஐஎஸ்ஓ 2500 வைத்தால் இறகுத்தண்டு வரை எண்ணலாம். நிழலில் கொஞ்சம் மணல் தெளித்தாற்போல் இருக்கும். அடுத்த கணம் இறக்கையை மடக்கிக் கீழே விழும்போது முதல் அமைப்பில் முகமும் கலங்கிவிடும், இரண்டாவதில் நிற்கும். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான். நாரை, கூழைக்கடா போன்ற நிதானமான பறவைகளுக்கு 1/1600 போதும்.

ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவதா, கையால் வைப்பதா? வெயிலும் நிழலும் மாறி மாறி வந்தால் ஆட்டோ. சீரான வெயிலில் கையால்தான். ஒரு கொக்கு இருண்ட மரங்களின் முன்னிருந்து வெளிர் வானத்துக்குள் பறந்தாலும் அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. ஆட்டோவோ பின்னணியைப் பார்த்துக் குழம்பி, மரத்தின் முன் கொக்கை வெளுக்க வைக்கும், வானத்தில் கறுக்க வைக்கும். வெள்ளைப் பறவைக்கு அளந்து, எரியாத அளவில் நிறுத்திவிட்டு, நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இதற்கு ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வேண்டும். ஜேபெக்கில் அந்த இடவசதி இல்லை. அவசரமாகச் செய்திக்கு அனுப்புவோரைத் தவிர வேறு யாருக்கும் ஜேபெக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடிட்டிங்: மூன்று வழிகள்

லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ நாய்ஸ் குறைப்பு, மாத சந்தா கட்டுவோருக்குக் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கிறது. டிஎக்ஸ்ஓ ப்யூர்ரா வேறு மாதிரி: ரா கோப்பை முதலில் சுத்தம் செய்து டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவில் தரும், மீதியை எந்த மென்பொருளிலும் செய்துகொள்ளலாம், ஒருமுறை பணம் கட்டினால் போதும். டார்க்டேபிள் முழுக்க இலவசம். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். ஐஎஸ்ஓ 1600 வரை மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 6400-க்கு மேல் போனால் முதல் இரண்டும் தெளிவாக முந்துகின்றன; இறகின் நுண்கோடுகளைக் காப்பதில் ப்யூர்ரா எனக்கு ஒரு நூல் மேலாகத் தெரிகிறது. மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் டார்க்டேபிள்தான் என் பரிந்துரை. பணத்தை லென்ஸுக்குச் சேமிக்கலாம்.

மென்பொருளைவிட வரிசை முக்கியம். இறங்கும் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று, ஐஎஸ்ஓ 3200, பின்னால் கருவேலங்காடு என்று வையுங்கள். முதலில் நாய்ஸ். அடுத்து ஹைலைட்டை (மிகவும் ஒளிர்ந்த பகுதிகளை) கீழே இழுத்துக் கழுத்து வெண்மையில் இறகு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பறவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு இறக்கையின் அடிப்பக்க நிழலைக் கொஞ்சம் ஏற்றலாம். வாலருகே உள்ள இளஞ்சிவப்பை ஏற்றும் ஆசை வரும். அங்கே கையைக் கட்டிக்கொள்வது நல்லது. கூர்மை கடைசியில், அதுவும் பறவைக்கு மட்டும். பின்னணிக்கும் சேர்த்துக் கூர்மை ஏற்றினால் துடைத்த நாய்ஸ் திரும்பி வரும்.

ஏஐ கூர்மைக் கருவிகளை நான் ஒதுக்கியே வைக்கிறேன். கலங்கிய படத்தில் அவை இல்லாத இறகை வரைந்துவிடுகின்றன. உள்ளான்களில் இனத்தைப் பிரித்தறியச் சிறகின் விளிம்புக் கோடுகளைத்தான் பார்க்கிறோம். அந்தக் கோட்டை மென்பொருள் கற்பனையில் போட்டிருந்தால் அந்தப் படம் பதிவாகவே பயன்படாது. குறுக்கே வந்த கிளையை அழிப்பதும் இதே வகை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு மூல ரா கோப்பையே கேட்கிறார்கள். கிளை இருந்தால் இருக்கட்டும். வேண்டாமென்றால் க்ராப் செய்யலாம், அல்லது அடுத்த படத்தை எடுக்கலாம்.

புதிதா, பழையதா

கைக்கு அடக்கமான தொகையில் தொடங்குகிறவருக்கு, உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவான நிக்கான் டி500 (2016) உடன் 200-500 எஃப் 5.6 (2015) பழையதாக வாங்குவதா, கண்ணாடி இல்லாத புதிய தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராவுடன் மலிவான சூம் வாங்குவதா என்ற குழப்பம் வரும். மிரர்லெஸ் பறவையின் கண்ணைத் தானே பிடிக்கும். டி500-இல் ஃபோகஸ் புள்ளியை நாம்தான் பறவையின் மேல் வைத்திருக்க வேண்டும். ஆனால் நொடிக்கு 10 படம், நம்பகமான ஃபோகஸ், வளையாத இறக்கை. பயிற்சிக்கு நேரம் உள்ளவருக்கு நான் டி500 ஜோடியைத்தான் சொல்வேன். நேரம் குறைவாக உள்ளவர் மிரர்லெஸ் பக்கம் போகட்டும். பழைய லென்ஸ் வாங்கும்போது மட்டும் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் உள்கண்ணாடியில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருக்கும். அப்படி ஒரு நூல் தெரிந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வாங்க வேண்டாம்.